ஒரே வீட்டில் இரண்டு டிஜே

கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கிக்கொண்டு தமிழ்மொழி முதன்முதலாகச் சேர்ந்தது, மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் வேலைக்கு. கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஒரு செல்போன் கடை. கரும்பு வெட்டப் போகிறவர்கள், டிராக்டர் ஓட்டுகிறவர்கள், மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கி வருகிறவர்கள் என்று எல்லாரும் நகத்தளவு கார்டை அவளிடம் நீட்டுவார்கள். "நல்ல பாட்டா போடும்மா" என்பார்கள். எது நல்ல பாட்டு என்று சொல்ல மாட்டார்கள். ஆளைப் பார்த்து அவளேதான் முடிவுசெய்ய வேண்டும். டிராக்டர்காரருக்கு மேளம் தூக்கலாக இருக்க வேண்டும், இன்ஜின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமே. மலைக்குப் பஸ்ஸில் திரும்புகிறவருக்கு நிதானமான பாட்டு. அடுத்த முறை வரும்போது "போன தடவ போட்ட மாரியே போடு" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

அப்புறம் எல்லார் போனிலும் நெட் வந்தது. கார்டை நீட்டும் கைகள் நின்றுபோயின. கடைக்காரர் போனுக்கு உறை போட்டுத் தருவதில் இறங்கிவிட்டார். தமிழ்மொழி உறைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், கடைக்காரரின் மைத்துனர் மூச்சு வாங்க ஓடி வந்தார். மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. சேலத்திலிருந்து வரவேண்டிய டிஜே வரவில்லை.

"உங்கிட்டதான் பாட்டெல்லாம் கெடக்குதே, எடுத்துக்கினு வாம்மா" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் ஒன்று அவளிடம் இருந்தது. அதைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு போனாள். எந்தப் பாட்டுக்கு யார் எழுந்திருப்பார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம் மாதிரி. பெண்ணின் அத்தைமார்கள் முதலில் எழுந்தார்கள், பிறகு சித்தப்பாக்கள், கடைசியில் பந்தி பரிமாறுகிறவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அன்றோடு அவள் பெயர் 'டிஜே தமிழ்' ஆயிற்று.

பொம்பளைப் பிள்ளை பாட்டுப் போடுகிறது என்று ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள். அதற்காகவே அவள் அப்பா வேடியப்பன், கரும்பு வெட்டு இல்லாத நாட்களில் அவளோடு மண்டபத்துக்கு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. நான்கைந்து கல்யாணம் பார்த்தபின், "யாரும் ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் நெஞ்சு அதிருது" என்று சொல்லி வருவதை நிறுத்திக்கொண்டார். அவள் நல்ல லேப்டாப் வாங்கினாள். அதோடு சேர்த்து வேலை செய்கிற கன்ட்ரோலர் பெட்டியும் வாங்கினாள். உளுந்தூர்ப்பேட்டை, சின்னசேலம், சங்கராபுரம் என்று ஆட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இந்த நேரத்தில்தான் அக்கா வீட்டுக்காரர் அறிவுச்செல்வன் பெங்களூரிலிருந்து நிரந்தரமாகத் திரும்பி வந்தார்.

அக்கா சந்தியா, கச்சிராயபாளையம் ரோட்டில் அப்பா அம்மாவோடும் தமிழ்மொழியோடும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு துணி தைத்துவந்தாள். அறிவுக்குப் பெங்களூரில் ஒரு பப்பில் வேலை. கண்ணாடி டம்ளர் கழுவுவதில் ஆரம்பித்து கவுன்டர் வரைக்கும் வந்திருந்தார். பப்பை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சந்தியா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அங்கே இருக்கிற ஃபிரிட்ஜில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள்.

மினி வேன் வந்து நின்றது. போர்வையில் சுற்றிய இரண்டு பெட்டிகளை அறிவு குழந்தையை இறக்குகிற மாதிரி இறக்கினார். சந்தியா போர்வையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே வட்டமான தட்டோடு ஒரு மிஷின். இன்னொன்றிலும் அதே மிஷின். கூடவே பெட்டி பெட்டியாகக் கறுப்பு இசைத்தட்டுகள்.

"இன்னாய்யா இது?"

"டர்ன்டேபிள்."

"இதுல தண்ணி ஜில்லுனு ஆவுமா?"

அம்மா ஜெயம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தப் பப்பில் சனிக்கிழமை தோறும் ஒரு பெரியவர் வந்து ரெக்கார்டு வாசிப்பார். மற்ற நாட்களில் மத்தியானம், ஆள் இல்லாத நேரம் பார்த்து, அறிவு அந்த மிஷின்களில் கை வைத்துப் பழகியிருந்தார். எல்லாரும் வேண்டாம் என்று விட்டுப்போனதை அவர் வேண்டும் என்று எடுத்துவந்துவிட்டார். தமிழ்ப் பாட்டு ரெக்கார்டுகளுக்குத் திருக்கோவிலூரில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரின் பரணைத் தேடிப் போய், தூசியோடு ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டின் பின்பக்கம் தகரம் போட்ட அறை ஒன்று உண்டு. அதில்தான் தமிழ்மொழி ஒத்திகை பார்ப்பாள். இப்போது அதில் பாதி அறிவுக்குப் போயிற்று. ஒரு சுவரை ஒட்டி அவள் லேப்டாப், எதிர்ச்சுவரை ஒட்டி அவருடைய இரண்டு தட்டுகள். ஆரம்பத்தில் இருவரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். நடுவில் ஒரு நாள், அவள் ஒரு கல்யாணத்துக்காகப் பாட்டுகளைக் கோத்துக்கொண்டிருந்தாள். திரையில் இரண்டு பாட்டும் நீலமும் சிவப்புமாக அலை அலையாக ஓடும். ஒரு பாட்டு முடிகிற இடத்தில் இன்னொன்றைத் தாளம் பிசகாமல் கொண்டுவந்து சேர்க்க 'சிங்க்' என்று ஒரு பட்டன். அமுக்கினால் போதும், இரண்டும் ஒரே காலடியில் நடக்கும். அறிவு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா?" என்றார்.

"எது மாமா?"

"பட்டன அமுக்கற. அதுவே சேத்துக்குது. அப்பறம் நீ இன்னாத்துக்கு அங்க நிக்கற?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"நீ மட்டும் இன்னா பண்ற? அதே பழைய பாட்டு. தேஞ்சு போன தட்டு. கரகரன்னு சத்தம். நாலு பேரு எழுந்து ஆடுனா முள்ளு துள்ளிக்கினு ஓடிடுது."

"துள்ளுனா புடிச்சு வெப்பன். என் கை இருக்குது."

"புடிச்சுக்கினே இரு."

அதன்பிறகு அந்த அறையில் பேச்சு குறைந்துபோனது. ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, அம்மாவுக்கு உளுந்து அரைத்துத் தரும்போது, நீ எதுக்கு அங்க நிக்கற என்று உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் இல்லாத ஒரு நாள், திரை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, சிங்க் பட்டனைத் தொடாமல், காதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பாட்டைச் சேர்த்துப் பார்த்தாள். இரண்டு தையல் மிஷின்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது. அடுத்த அறையில் நிஜத் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த சந்தியா, "ஏய், கரன்ட் ஏதாச்சும் கம்மியா வருதாடி?" என்று குரல் கொடுத்தாள். தமிழ்மொழி துண்டை எடுத்துவிட்டாள். ஆனாலும் விடவில்லை. தினமும் கொஞ்ச நேரம் அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டாள். ஓரளவு வந்தது. முழுசாக வரவில்லை.

திருநாவலூர் பக்கம் சுப்புராயன் என்று ஒரு விவசாயி. நிலம் நீச்சு உள்ளவர். அவருடைய பேரப் பிள்ளைக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்து வைத்திருந்தார். உளுந்தூர்ப்பேட்டைக் கல்யாணம் ஒன்றில் தமிழ்மொழியைப் பார்த்திருந்ததால் அவளுக்குப் போன் செய்தார். அவருடைய மகனோ, சந்தியா தன் போனில் எடுத்துப் போட்டிருந்த வீடியோவில் அறிவு ரெக்கார்டு வாசிப்பதைப் பார்த்துவிட்டு, அறிவுக்குப் போன் செய்தான். இரண்டு போனையும் எடுத்தது சந்தியாதான். இரண்டுக்கும் சரி என்று சொன்னதும் அவள்தான். இருவரிடமும் அவள் சொல்லவில்லை. விழாவுக்கு முதல் நாள்தான் சொன்னாள்.

"ஒரே எடத்துக்கா?" என்றாள் தமிழ்மொழி.

"ஒரே வூட்ல இருக்கறீங்க, ஒரே வண்டியில போங்க. எனக்கு இதுல வண்டிச் செலவு மிச்சம்" என்று சொல்லிவிட்டு, சந்தியா ஊசியில் நூல் கோப்பதைத் தொடர்ந்தாள்.

சித்திரை மாதத்து ஞாயிறு. பாவாடை என்கிற பாக்ஸ்காரர் தன் மினி லாரியில் ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். அறிவு கோயில் பக்கத்து வாய்க்காலில் இருந்து இரண்டு சாக்கில் மணல் அள்ளி வந்து, மேஜை மேல் போட்டு, அதன் மேல் தன் மிஷின்களை வைத்தார். ஆடுகிறவர்களின் காலதிர்ச்சி முள் வரைக்கும் போகாமல் மணல் பிடித்துக்கொள்ளும் என்றார். தமிழ்மொழி, "ஊடு கட்டப் போறியா மாமா?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

சாமியானா போட்டிருந்தார்கள். கிடா வெட்டி முடித்து, அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் தமிழ்மொழி ஆரம்பித்தாள். எல்லாம் நன்றாகவே போனது. சுப்புராயனே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு சுற்று ஆடினார். வெயில் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. காலையில் சாமியானாவின் நிழலில் இருந்த மேஜை, உச்சி நெருங்க நெருங்க வெயிலுக்கு வந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. லேப்டாப்புக்குள் இருக்கிற சின்ன விசிறி கத்தத் தொடங்கியது. கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. திடீரென்று திரை கறுத்தது. பாட்டு நின்றது.

சத்தமாக இருக்கிற இடத்தில் சத்தம் நின்றால், ஏதோ கெட்டது நடந்துவிட்ட மாதிரி எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படித் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ்மொழிக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. பட்டனை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். அது உயிர் பிடிக்கிற வழியாக இல்லை.

அறிவு முள்ளை எடுத்துத் தட்டின் மேல் வைத்தார். கரகரப்பு, அதற்குப் பின்னாலேயே நாதஸ்வரமும் தவிலும் பொங்கிக்கொண்டு வந்தன. கூட்டம் மூச்சை விட்டது. அவர் ஒரு கையால் ஒரு தட்டைத் தள்ளினார், மறு கையால் இன்னொன்றைப் பிடித்தார், பாட்டின் ஒரே ஒரு வரியைப் பின்னுக்கு இழுத்து மறுபடி மறுபடி சொல்ல வைத்தார். பிள்ளைகள் மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள். தட்டு சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறதே. "அந்தக் கறுப்பு தட்டுக்குள்ளயா பாட்டு இருக்குது?" என்று ஒரு பெரியவர்கூடக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

தமிழ்மொழி ஓரமாக நின்று பார்த்தாள். நன்றாகத்தான் செய்கிறார் என்று அவளுக்குப் பட்டது. பொறாமை இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. பாவாடை அவளிடமிருந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போய், லாரியின் நிழலில் தண்ணீர் கேன்களுக்கு நடுவே வைத்தார். "கொஞ்ச நேரம் தூங்கட்டும்மா, எழுந்துக்கும்" என்றார்.

ஆனால் அறிவும் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவருடைய தமிழ் ரெக்கார்டுப் பெட்டி திறந்தபடி வெயிலில் இருந்தது. அடுத்த தட்டை எடுத்தபோது அது சுட்ட அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. நெளிந்த ஒன்றைப் போட்டுப் பார்த்தார். பாடகியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து மேலும் கீழுமாகப் போய்வந்தது. பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய் அவர்களும் மேலும் கீழுமாக நெளிந்து ஆடினார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். மிச்சம் இருந்தவை, நிழலில் இருந்த வேறொரு பெட்டியில், பப்பிலிருந்து வந்த ஆங்கிலத் தட்டுகள்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரோட்டில் பட்டாசு வெடித்தது. தாய்மாமன் சீர் வருகிறது.

காது குத்தில் தாய்மாமன் வருகிற நேரம்தான் பெரிய நேரம். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளப் போகிறவன் அவன். அவன் வரும்போது மாமன் பாட்டு ஒலிக்க வேண்டும். தமிழ்மொழியின் லேப்டாப்பில் அதற்கென்றே ஒரு பட்டியல் உண்டு. லேப்டாப்போ தூங்குகிறது, போனில் எடுக்கலாம் என்றால் அந்தக் கோயில் பக்கம் சிக்னலே இல்லை. அறிவு அவளைப் பார்த்தார். அவருடைய கண்ணில் முதன்முறையாகப் பதற்றம் தெரிந்தது.

"மாமன் பாட்டு எங்கிட்ட இல்ல, தமிழு. இருந்த ஒண்ணும் நெளிஞ்சு போச்சு."

தமிழ்மொழி ரோட்டைப் பார்த்தாள். தாய்மாமன் செல்லமுத்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவன். புதுச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்தான், தலைக்கு ஒரு சீர்த் தட்டு. சுப்புராயன் வீட்டுச் சனம் பந்தல் கொள்ளாமல் நிற்கிறது, எதிரே இவ்வளவு சின்ன வரிசை. பந்தலின் ஓரத்தில் பிள்ளையின் அம்மா தனுஷா நின்றுகொண்டிருந்தாள். தம்பியின் வரிசையைப் பார்த்தாள், பிறகு மாமியார் வீட்டு ஆட்களின் முகங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தமிழ்மொழி கண்டாள். பாட்டே இல்லாமல் அந்தச் சின்ன வரிசை இந்தப் பெரிய பந்தலுக்குள் நடந்து வந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"மாமா, வார்த்த இல்லாத தாளம் மட்டும் ஏதாச்சும் இருக்குதா?"

"இங்கிலீஷ் தட்டுல இருக்குது. ஆனா கொஞ்சந்தான் வரும். அப்பறம் பாட ஆரம்பிச்சுடுவான்."

"அந்தக் கொஞ்சத்தயே இழுத்துக்கினு இருக்க முடியுமா?"

அறிவு யோசிக்கவில்லை. அந்தத் தட்டு அவரிடம் இரண்டு பிரதி இருந்தது. இரண்டையும் இரண்டு மிஷினில் போட்டார். ஒன்றில் தாளம் முடியும் நேரத்தில் மற்றதில் ஆரம்பம், அது முடிவதற்குள் முதலாவதைக் கையால் பின்னுக்குச் சுற்றித் தயார். தாளம் அறுபடாமல் தும் தும் என்று நடந்தது.

தமிழ்மொழி மைக்கை எடுத்தாள். அத்தனை வருஷத்தில் அவள் மைக்கில் பேசியதே இல்லை. 'அடுத்த பந்தி தயார்' என்று சொல்வதற்குக்கூட வேறு யாரையாவது கூப்பிடுவாள். பாவாடையிடம், சீர் கொண்டுவருகிறவர்களின் பெயரையும், தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்டு வரச் சொல்லக்கூட நேரம் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"யாரு வரா?"

கூட்டம் ஒன்றும் புரியாமல் பார்த்தது. தாளம் நடந்துகொண்டிருந்தது.

"யாரு வரான்னு கேக்கறேன்! புள்ளையத் தூக்க யாரு வரா?"

பந்திக்கு இலை துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "மாமன் வரான்!" என்றது.

"எந்த ஊரு?"

"திருப்பூரு!" இதைச் சொன்னது தனுஷா. குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் பலமாக வந்தது.

"கையில இன்னா?"

"வெள்ளித் தட்டு!" "ஆப்பிளு!" "புதுத் துணி!" "கொலுசு!" என்று ஆளுக்கொன்றாகப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்துச் சொன்னார்கள். தட்டு எவர்சில்வர்தான். யாரும் அதைத் திருத்தவில்லை. தமிழ்மொழி ஒவ்வொன்றையும் வாங்கி, தாளத்தில் வைத்து, திருப்பிக் கொடுத்தாள். மாமன் நடக்கிற நடையைச் சொன்னாள். வெயிலைச் சொன்னாள். வெயிலுக்குப் பயப்படாத மாமனைச் சொன்னாள். "மாமன் சட்டை இன்னா சட்டை?" என்று அவள் கேட்டபோது, இஸ்திரிப் பெட்டிச் சூடு ஆறாத சட்டை என்று ஒரு கிழவி சொல்லி, பந்தலே சிரித்தது. நடுக்கூட்டத்தில் நின்ற இளவட்டங்கள் நான்கைந்து பேர் ஓடிப்போய் செல்லமுத்துவின் பின்னால் சேர்ந்துகொண்டு, தட்டுகளை வாங்கித் தலையில் வைத்து ஆடினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பலர் போனார்கள். பந்தலுக்குள் வந்து சேர்ந்தபோது அந்த வரிசையின் கடைசி ஆள் ரோட்டில் இருந்தான்.

அறிவின் நெற்றியிலிருந்து வேர்வை தட்டின் மேல் சொட்டியது. ஒரு இடத்தில் முள் துள்ளியது. தமிழ்மொழி அந்த இடைவெளியில் "ஏ!" என்று ஒரு குரல் வைத்தாள். துள்ளியது யாருக்கும் தெரியவில்லை.

செல்லமுத்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். தட்டான் காது குத்தினார். பிள்ளை வீறிட்டு அழுதது. தனுஷா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பந்தியில் தனுஷா இருவரையும் முதல் வரிசையில் உட்கார வைத்து, தானே கறி பரிமாறினாள். வேண்டாம் என்றாலும் விடவில்லை. செல்லமுத்து சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து தமிழ்மொழி முன்னால் நின்றான்.

"அக்கா, நான் ஏழெட்டுப் பேர்தான் கூட்டியாந்தங்க. இம்மாம் பெரிய ஊர்கோலம் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கே தெர்லீங்க" என்றான்.

மத்தியானத்துக்கு மேல் லேப்டாப் எழுந்துகொண்டது. மேஜையை நிழலுக்கு நகர்த்திவிட்டு, அவள் புதுப் பாட்டுகளைப் போட்டாள், நடுநடுவே அவர் தட்டைச் சுற்றினார். யாருக்கு எப்போது என்று பேசிக்கொள்ளவில்லை. சும்மா பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது லாரியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தியாகதுருகம் மலைக்கோட்டைக்குக் கீழே டீ குடிக்க நிறுத்தினார்கள். அறிவு டீயை ஊதிக்கொண்டே கேட்டார்.

"அந்தக் குரல இத்தன நாளு எங்க வெச்சிருந்த?"

"தெர்ல மாமா. வந்துடுச்சு."

"எனக்கு அது வராது. செத்தாலும் வராது."

"எனக்கும் உன்ன மாரி கை வராது. துண்டு போட்டு மூடி, தெனம் பாக்கறேன்."

"தெரியும். சந்தியா சொன்னா. கரன்ட் கம்மியா வருதுன்னு பயந்துட்டாளாம்" என்று அறிவு சிரித்தார். பெங்களூரிலிருந்து வந்தபின் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அதற்கு அப்புறம் இருவரையும் சேர்த்தேதான் கூப்பிட்டார்கள். சேர்ந்து போவதென்றால் ஒரு பெயர் வேண்டும் என்று சந்தியா சொன்னாள். இருவர் பெயரையும் சேர்த்து 'தமிழ் அறிவு' என்று பெரிய எழுத்தில் பேனர் அடித்து வந்தாள். கீழே போன் நம்பர். முதல் வாரம் வந்த போன்களெல்லாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழ் டியூஷன் எடுப்பீர்களா என்று கேட்டு வந்தவை. ஒரு அம்மா இலக்கணத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் செலுத்தச் சொன்னார். சந்தியா பேனரை எடுத்துத் தையல் மிஷின் மேல் மழைக்குப் போர்த்தினாள். 'டிஜே தமிழ் & அறிவு' என்று வேறு அடித்தாள்.

அறிவின் பெங்களூர் நண்பர் ஒருவர் அனுப்பி, வீட்டுக்கு இரண்டு வினோதத் தட்டுகள் வந்தன. பார்க்க ரெக்கார்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் பாட்டே கிடையாது, ஒரே கீச்சென்ற சத்தம். அந்தச் சத்தத்தை லேப்டாப் கேட்டுக்கொள்ளும். தட்டை எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் சுற்றுகிறோமோ, அதன்படி லேப்டாப்பில் இருக்கிற எந்தப் பாட்டையும் ஓட்டும். அறிவு முதலில் அதைத் தொடவே மாட்டேன் என்றார். "இது பொய்த் தட்டு" என்றார். இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போன ஜெயம்மாள் வந்து சொன்னாள்: "உள்ள போயி பாருங்கடி, உங்க மாமன் பொய்த் தட்ட வெச்சிக்கினு சோறு தண்ணி மறந்து கெடக்கறாரு."

நேற்று வந்த பாட்டைக்கூட இப்போது அவர் கையால் பின்னுக்கு இழுக்கலாம். வெயிலில் தட்டு நெளிந்தாலும் பாட்டு லேப்டாப்பில் பத்திரமாக இருக்கும். ஆனாலும் பழைய ரெக்கார்டுகளை அவர் விடவில்லை. கரகரப்பு வேண்டும் என்கிற இடத்தில் அதையே வைப்பார். தமிழ்மொழியும் அந்தத் தட்டில் கை வைத்துப் பார்த்தாள். பிடித்திருந்தது. என்றாலும் அவளுக்குத் தன் பட்டன்களே போதும். பட்டனை அமுக்கிவிட்டு மிச்சமிருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூட்டத்தைப் பார்ப்பாள், யார் எழுந்திருக்கத் தயங்குகிறார் என்று தேடுவாள், மைக்கை எடுப்பாள். இந்தப் பக்கத்தில் இப்போது அவளுக்கு 'பேசற டிஜே' என்று பெயர்.

போன தை மாதம் மலைமேல் கரியாலூரில் ஒரு கல்யாணம். காலை முகூர்த்தம் முடிந்து மத்தியானம் ஆட்டம். முதன்முறையாக ஜெயம்மாளும் வேடியப்பனும் மகள் வேலை செய்வதைப் பார்ப்பதற்கென்றே கூட வந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ரெக்கார்டுப் பெட்டியை வேடியப்பன் மடியில் அணைத்துக்கொண்டு வந்தார். மலையில் குளிர், மேஜைக்கு நிழல் தேடும் கவலை இல்லை. கடுக்காய் மரத்தடியில் பாக்ஸ் வைத்தார்கள். மணப்பெண் வீட்டார் தினையும் சாமையும் விளைகிற காட்டுக்குப் பக்கத்திலேயே பந்தல் போட்டிருந்தார்கள்.

அறிவு தாளத்தைத் தொடங்கினார். தமிழ்மொழி மைக்கில் பெண் வீட்டாரைக் கூப்பிட்டாள், மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டாள். அவர்கள் வந்தார்கள். பிறகு பந்தலின் பின்வரிசையைப் பார்த்தாள். அங்கே வேடியப்பன் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஜெயம்மாள் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கச்சிராயபாளையம் ரோட்டுல இருந்து ஒரு அம்மா வந்திருக்குது" என்றாள் மைக்கில். "எழுந்துக்கவே மாட்டேன்னு உக்காந்துக்கினு இருக்குது."

"ஏய், சும்மா கெடடி!" என்று ஜெயம்மாள் அங்கிருந்தே கத்தினாள். மலைக்காரப் பெண்கள் இரண்டு பேர் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். "இதுக்காடி உன்ன காலேஜு அனுப்பனேன்?" என்று திட்டிக்கொண்டே வந்த ஜெயம்மாள், நடுப்பந்தலுக்கு வந்ததும் சேலையை வரிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வேடியப்பன் பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, நன்றாகத் தெரிவதற்காக நாற்காலி மேல் ஏறி நின்றார்.